கிணத்துப் பூதமும் ராசவள்ளிக் கிழங்கும்

ஒரு ஊரில ஒரு நல்லதண்ணிக் கிணறு இருந்துதாம். ஊருக்குப் பேர் இலந்தையடி. அங்க வீட்டுக்கு வீடு கிணறு இருந்துதுதான், ஆனா எல்லாம் உவர். கால் கழுவலாம், குளிக்கலாம், குடிக்கேலாது. குடிக்கிறதுக்கெண்டு இருந்தது அந்த ஒரேயொரு கிணறு. துலாவில இழுத்து ஒரு வாய் குடிச்சால் நெஞ்சுக்குள்ள குளுகுளுவெண்டு இறங்கும்.

ம் சொல்லு குஞ்சு. நீ ம் சொன்னால்தான் கதையில ஆக்கள் நடப்பினம். இல்லாட்டி காலைத் தூக்கினபடி அப்பிடியே நிண்டிடுவினம், பாவங்கள்.

"ம்."

ஆ, நடக்கினம்.

அந்த ஊருக்கு அன்னமுத்து எண்டு ஒரு பொம்பிளை கலியாணம் முடிச்சு வந்தவ. அவவின்ர மனுசன் இளையதம்பி, தோட்டக்காரன், வாயைத் திறந்து கதைக்கவே மாட்டார். மாமி பொன்னாச்சி இருக்கிறாவே, அவ கதைக்கிறதை நிப்பாட்டவே மாட்டா. மகன்ர பங்கையும் சேத்துத்தான் அவ கதைக்கிறது. வீட்டில ஒரு பசுமாடும் நிண்டுது. நெத்தியில வெள்ளையா ஒரு சுட்டி, அதால பேரும் சுட்டி. வயித்தில அதுக்கு முதல் கண்டு. அன்னமுத்துவுக்குச் சுட்டியெண்டால் உயிர். புது ஊர், புது வீடு, ஆரோட மனம்விட்டுக் கதைக்கிறது? சுட்டியோடதான். அது காதை ஆட்டி ஆட்டிக் கேக்கும்.

அன்னமுத்து தாய்வீட்டில இருந்து வரேக்க நகை நட்டெண்டு பெரிசா ஒண்டும் கொண்டுவரேல்லை. ஒரு கடகத்துக்குள்ள ஒரு துண்டு ராசவள்ளிக் கிழங்கு கொண்டுவந்தவ. இலந்தையடியில ஆரும் அந்தக் கிழங்கைக் கண்ணால கண்டதில்லை. அடுப்படிக்குப் பின்னால முருங்கையடியில மண்ணுக்குள்ள தாட்டா. கொடி முருங்கையைச் சுத்திச் சுத்தி ஏறிச்சுது. தை மாசம் இலை பழுத்துக் கொடி காஞ்சாப் பிறகு கிண்டிப் பாத்தால், ஒரேயொரு கிழங்கு. நல்ல பருமன்தான், ஆனா வடிவைக் கேக்காதை. முண்டும் முடிச்சும், மண்ணும், மயிர் மயிரா வேரும்.

மாமி குனிஞ்சு பாத்தா. "இதென்ன பிள்ளை, காண்டாமிருகத்தின்ர காலை வெட்டி வைச்ச மாதிரிக் கிடக்கு?"

"உள்ளுக்க நல்ல வடிவா இருக்கும் மாமி."

"வெளியால இந்த வடிவெண்டால் உள்ளுக்க எப்பிடியெண்டு எனக்குத் தெரியாதோ? ஆருக்கும் காட்டிப்போடாதை. சிரிப்பினம்."

அன்னமுத்து கிழங்கைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனா. ஒரு கிழங்குதானே, விதைக்கு வைப்பம், மழைக்கு முதல் நட்டால் வாற தைக்குப் பத்தா வரும் எண்டு நினைச்சு, சாம்பல் தடவிப் பரணில வைச்சிட்டா.

"பிறகு?"

பிறகு பங்குனி வந்துது. வெயிலெண்டால் வெயில்! மணலில கால் வைச்சால் சுள்ளெண்டும். அப்ப தெற்கால இருந்து ஒரு பூதம் வந்துது. பெரிய சோத்துக் கிடாரம் போல வயிறு, பனங்குத்தி போல கால், வாய்க்குள்ள ஒரு முழ நாக்கு. உடம்பு முழுக்க அதுக்கு வேர்க்குரு. "ஆஸ்ஸ்... ஊஸ்ஸ்..." எண்டு சொறிஞ்சு சொறிஞ்சு வந்த பூதம் நல்லதண்ணிக் கிணத்தை எட்டிப் பாத்துது. தண்ணி நீலமாக் குளிர்ந்துபோய்க் கிடக்கு. விடுமோ? தொபுக்கடீர்! உள்ளுக்க இறங்கிக் கழுத்து வரைக்கும் தண்ணியில இருந்திட்டுது.

விடிய ஆக்கள் தண்ணிக்கு வந்து துலாவை இறக்கிச்சினம். "டங்" எண்டு சத்தம்.

"ஆரடா அது என்ர மண்டையில வாளி போட்டது?"

குடத்தைப் போட்டுட்டு எல்லாரும் ஓட்டம். உடையாரைக் கூட்டிக்கொண்டு வந்தினம். உடையாரெண்டால் அந்தக் காலத்தில ஊருக்குப் பெரியவர். தலைப்பா, வெள்ளிப்பூண் போட்ட பொல்லு, முறுக்கின மீசை. கிணத்துக் கட்டில பொல்லால தட்டினார். "டேய்! நான் இந்த ஊர் உடையார்!"

"நான் இந்தக் கிணத்து உடையார்!" எண்டுது பூதம்.

உடையார் பொல்லைக் கக்கத்துக்குள்ள வைச்சிட்டார்.

பூதம் சொல்லிச்சுது: "இஞ்ச பாருங்கோ, எனக்குச் சண்டை பிடிக்க ஏலாது, வேர்க்குரு எரியுது. என்ர நாக்குக்குத் தெரியாத பண்டம் இந்த உலகத்தில இல்லை. அப்பிடி ஒண்டைக் கொண்டுவாருங்கோ, எழும்பிப் போறன். நாக்குக் கண்டுபிடிச்சிட்டுதெண்டால், கொண்டுவந்த ஆள் என்ர முதுகைச் சொறிஞ்சுவிட வேணும்."

உடையார் வீட்டில இருந்து பயத்தம் பணியாரம் வந்துது. பூதம் ஒண்டை எறிஞ்சு வாயில பிடிச்சுது. லபக்! "பயறு. அரிசி மா. சீனி. தேங்காய்ப்பூ. மிளகு, சீரகம். பயறு வறுக்கேக்க உம்மட மனிசி ஆரோடயோ கதைச்சுக்கொண்டு நிண்டிருக்கிறா. ஒரு பிடி கருகிப்போச்சு."

ஊரே உடையாரைப் பாத்துது. உடையார் தலைப்பாவைக் கழட்டி வைச்சுப்போட்டு, தேங்காய்ப் பொச்சுமட்டையை எடுத்துப் பூதத்தின்ர முதுகைச் சொறிஞ்சார். பறக் பறக், பறக் பறக்.

"கொஞ்சம் கீழ. இன்னும் கீழ. ஆஹ்ஹ்..."

சிரிக்காதை, உடையார் பாவம். அவருக்குப் பிறகு கொழுக்கட்டை கொண்டுவந்தவையும் சொறிஞ்சினம், பனங்காய்ப் பணியாரம் கொண்டுவந்தவையும் சொறிஞ்சினம். பூதம் கொழுத்துக்கொண்டு போச்சுது, ஊர் காஞ்சுகொண்டு போச்சுது. ஆக்கள் அயலூருக்கு வெயிலுக்கால நடந்துபோய் ஆளுக்கொரு குடம் கொண்டுவருவினம். அது மனிசருக்கே காணாது. மாட்டுக்கு எங்கால போறது?

சுட்டிக்கு உவர்த்தண்ணி வைச்சால் மூக்கைச் சுளிச்சுக்கொண்டு திரும்பிவிடும். அன்னமுத்து தன்ர பங்குத் தண்ணியைக் கொண்டுபோய் ஊத்துவா. அது ரெண்டு உறிஞ்சில முடிஞ்சுபோகும். ஒருநாள் காலமை பாத்தால் சுட்டி படுத்துக் கிடக்கு. எழுப்பினால் எழும்பேல்லை. நாக்குக் காஞ்சு மூக்கில ஒட்டிக் கிடக்கு. வயித்தில கை வைச்சுப் பாத்தா. உள்ளுக்க கண்டு மெல்லமா ஒருக்காத் துடிச்சுது.

அன்னமுத்து அழேல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செம்பை எடுத்துக்கொண்டு, நேரா நல்லதண்ணிக் கிணத்தடிக்குப் போனா.

"பூதத்தார், ஒரு செம்புத் தண்ணி தாருங்கோ. எனக்கில்லை. வாயில்லாச் சீவன், கண்டு வயித்தில."

"எனக்குத் தெரியாத பண்டம் கொண்டுவந்தனியோ?"

"கொண்டுவரேல்லை. ஆனா என்னட்ட இருக்கு."

வாய் தவறி வந்திட்டுது குஞ்சு. பூதம் காதை நிமித்திச்சுது. "என்னெண்டு? எனக்குத் தெரியாததோ? எனக்கோ? அப்பிடியெண்டால் பந்தயம் பெரிசு. மூண்டு நாளைக்கு மூண்டு பண்டம் கொண்டுவா. ஒண்டுபோல ஒண்டு இருக்கப்படாது. ஒரு நாளைக்கு மூண்டு தரம் நான் என்னத்தில செய்ததெண்டு சொல்லிப் பாப்பன். ஒருக்கா எண்டாலும் சொல்லிப்போட்டனெண்டால் உன்ர மாடு எனக்கு. மூண்டு நாளும் தெரியாமல் போனால் கிணறு உனக்கு."

அன்னமுத்துவிட்ட இருந்தது ஒரு கிழங்கு. மூண்டு பண்டத்துக்கு எங்க போறது? ஆனா படுத்துக் கிடக்கிற சுட்டியின்ர முகம் கண்ணுக்குள்ள வந்து நிண்டுது.

"ஒரு செம்புத் தண்ணியை இப்ப தாருங்கோ, பந்தயத்துக்கு ஓம்" எண்டா.

பூதம் சிரிச்சுக்கொண்டு தன்ர கையால அள்ளி ஊத்திச்சுது. அதின்ர ஒரு கை எங்களுக்கு ஒரு குடம். செம்பு நிரம்பி வழிஞ்சுது. சுட்டி குடிச்சுது, மடக் மடக், மடக் மடக். எழும்பியும் நிண்டுது.

"அப்பாடா."

ஓம், அப்பாடா. ஆனா வீட்டில மாமி பிடிச்சா ஒரு பிடி! "மாட்டையோ பந்தயம் வைச்சனி? அதுவும் பூதத்தோட? அந்தக் காண்டாமிருகக் காலை நம்பி?" இளையதம்பி மெல்ல எழும்பினார். பரணில ஏறிக் கிழங்கை இறக்கி, மண்ணைத் தட்டி, மனிசியின்ர கையில குடுத்தார்.

அன்னமுத்து கிழங்கின்ர அடிப்பக்கத்தை ஒரு வெட்டு வெட்டினா. சதக்! மாமியின்ர பேச்சு அந்தரத்தில நிண்டுது. உள்ளுக்க என்ன நிறம் தெரியுமோ? நல்ல கத்தரிப்பூ நிறம். வெட்டின கத்தியும் கத்தரிப்பூ, அன்னமுத்துவின்ர விரலும் கத்தரிப்பூ. தோலைச் சீவிச் சின்னச் சின்னதா அரிஞ்சு, இருந்த கொஞ்ச நல்ல தண்ணியில போட்டு அவிச்சா. கொதக் கொதக். அகப்பையால மசிச்சா. தேங்காய்ப்பாலை விட்டா, சீனியைப் போட்டா, ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கிண்டினா. பளபளவெண்டு, தடிப்பா, கத்தரிப்பூ நிறத்தில கஞ்சி. வாசம் வேலி கடந்து போச்சுது.

கிணத்தடியில ஊர் முழுக்கக் கூடி நிண்டுது. பூதம் சட்டியை வாங்கி ஒரு வாய் குடிச்சுது. நாக்கைச் சுழட்டிச்சுது. புருவம் மேல போச்சுது. இன்னொரு வாய். புருவம் இன்னும் மேல போச்சுது.

"தேங்காய்ப்பால். சீனி. உப்பு. மற்றது... மற்றது... நாவல்பழம்!"

"இல்லை."

"கத்தரிக்காய்!"

"கத்தரிக்காயில ஆரும் கஞ்சி காய்ச்சுவினமோ?"

"அப்ப நீலோற்பலப் பூ!"

"இல்லை."

பூதம் சட்டியை வழிச்சு வழிச்சு நக்கிச்சுது. "இண்டைக்குப் போ. நாளைக்கு வேற நிறமா, வேற மாதிரி இருக்கவேணும். இந்தக் கத்தரிப்பூ நிறத்தைத் திரும்பக் கண்டனெண்டால் மாடு என்னட்ட."

ஊர் கை தட்டிச்சுது. அன்னமுத்து மட்டும் தட்டேல்லை. நாளைக்கு என்ன செய்யிறது?

அடுத்த நாள் கிழங்கின்ர நடுத்துண்டை வெட்டினா. உள்ளுக்க அதே நிறம். வேற நிறத்துக்கு எங்க போறது? கஞ்சி வேண்டாம், குடிக்கிறமாதிரிச் செய்வம் எண்டு, அவிச்சு மசிச்சு, செவ்விளநீரில கரைச்சு, துணியால வடிச்சு, ஏலக்காய் தட்டிப் போட்டா. கண்ணாடி போலத் தெளிஞ்சு வந்துது. ருசியும் அந்தமாதிரி. ஆனா நிறம்? கத்தரிப்பூ. அதே கத்தரிப்பூ. அன்னமுத்து அடுப்படி நிலத்தில இருந்திட்டா. வெளியால சுட்டி "ம்மா" எண்டுது. அவவுக்குக் காதைப் பொத்த வேணும்போல இருந்துது.

அப்ப மாமி வந்தா, கையில பாதித் தேசிக்காயோட. பானையைப் பாத்தா. "இளநீரோ? தேசிக்காய்ப் புளி விடாமலோ இளநீர் குடுக்கிறது? உங்கட ஊரில உதுகும் பழக்கேல்லையோ?"

"மாமி, விடாதையுங்கோ!"

மாமி எப்ப ஆரின்ர சொல்லைக் கேட்டவ? சர்ரெண்டு பிழிஞ்சிட்டா.

குஞ்சு, புளி விழுந்த இடத்தில இருந்து நிறம் ஓடத் துடங்கிச்சுது. முதல்ல ஒரு சின்ன வட்டம். பேந்து பெரிய வட்டம். பானை முழுக்கக் கத்தரிப்பூ போய், ரோசாப்பூ! நல்ல இளஞ்சிவப்பு! ரெண்டு பேரும் பானைக்குள்ள தலையை விட்டுப் பாத்தினம். மண்டையும் மண்டையும் முட்டிச்சுது. டொக்!

"நான் ஒண்டும் செய்யேல்லை" எண்டா மாமி, கலியாணத்துக்குப் பிறகு முதல் தரமா மெல்லக் கதைச்சு.

"என்ர மாமி!" எண்டு அன்னமுத்து அவவைக் கட்டிப் பிடிச்சுக் கொஞ்சினா. மாமிக்கு வெக்கமாப் போச்சுது.

கிணத்தடியில பூதம் அண்ணாந்து ஊத்திச்சுது. களக் களக் களக். "இளநீர். தேசிக்காய். ஏலக்காய். மற்றது செம்பரத்தம்பூ!"

"இல்லை."

"மாதுளை!"

"இல்லை."

"ரோசாப்பூ! ரோசாப்பூத்தான்!"

"ரோசாப்பூவெண்டால் ரோசாப்பூ மணக்காதோ பூதத்தார்?"

பூதம் தண்ணியை அடிச்சுது. சளார்! உடையாரின்ர தலைப்பா நனைஞ்சுது. "நாளைக்கு இருக்கு உனக்கு. கத்தரிப்பூவும் ஆகாது, ரோசாப்பூவும் ஆகாது. சொல்லிப்போட்டன்."

குஞ்சு, நித்திரையோ?

"இல்லை. ம்."

மூண்டாம் நாள்தான் கஷ்டம். கிழங்கில மிச்சம் இருந்தது தலைப்பக்கம் மட்டும். அதின்ர நுனியில வெள்ளையா ஒரு முளை வந்திருந்துது. அதையும் வெட்டினால் விதைக்கு என்ன செய்யிறது? அன்னமுத்து முளையோட ஒரு சிரட்டை அளவு துண்டை விட்டு மிச்சத்தை எடுத்தா. தாயின்ர கையால வந்த கிழங்கு எல்லோ.

புளி விட்டால் நிறம் மாறுதெண்டால் வேற ஏதும் விட்டாலும் மாறும் எண்டு யோசிச்சா. உப்புப் போட்டுப் பாத்தா. மாறேல்லை. மஞ்சள் போட்டுப் பாத்தா. சேறு மாதிரி வந்துது. சீச்சீ, அதை எடுத்து எறிஞ்சா. இப்ப அவிச்சு மசிச்சதில ஒரு பிடிதான் மிச்சம். கரைச்சுக் கிண்டத் தண்ணியும் இல்லை. வீட்டில ஒரு சொட்டு இல்லை. வெயில் தாழ முதல் கொண்டுபோக வேணும்.

அப்ப இளையதம்பி வாசலில வந்து நிண்டார். முகமெல்லாம் புழுதி. கையில ஒரு மண் முட்டி. பனையடியில போய்க் கருப்பணி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். கருப்பணியெண்டால் பனையில இருந்து இறக்கிற இனிப்புப் பதநீர். புளிக்காமல் இருக்கிறதுக்கு முட்டிக்குள்ள சுண்ணாம்பு தடவி இறக்கிறது.

"காலமை தொட்டு நீர் ஒண்டும் குடிக்கேல்லை. இதைக் குடியும்" எண்டார்.

அன்னமுத்து முட்டியையும் பாத்தா, மனுசனையும் பாத்தா. தொண்டை காஞ்சு கிடக்கு. வாயில வைக்கப் போனா. அப்ப மனதில ஒரு மின்னல். முட்டியை இறக்கினா. "நான் குடிச்சிட்டன் எண்டு நினையுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு, அடியில கிடந்த சுண்ணாம்பையும் கலக்கி, மசிச்ச கிழங்குக்குள்ள கொடகொடவெண்டு ஊத்தினா.

கத்தரிப்பூ கறுத்துது. கறுத்துப் பேந்து நீலமாச்சுது. நீலத்துக்குள்ளால மெல்லப் பச்சை வந்துது. கிண்டக் கிண்ட, அசல் மயில் கழுத்து! மயில் கழுத்து நிறத்தில களி திரண்டு வந்துது.

மாமி வாசலில நிண்டு கூக்குரல் போட்டா: "ஐயோ, நஞ்சு! நீலமாத் தின்னுற சாமானை ஆர் கண்டது?"

"சுண்ணாம்புதானே மாமி. நீங்கள் வெத்திலையோட ஒவ்வொரு நாளும் தின்னுறனீங்கள்" எண்டு அன்னமுத்து முதல் உருண்டையைத் தானே திண்டு காட்டினா. பனையின்ர இனிப்பும் கிழங்கின்ர மாவும் சேந்து வாயில கரைஞ்சுது. உருண்டை உருண்டையாப் பிடிச்சு, வெள்ளைத் தேங்காய்ப்பூ தூவி, ஓலைப்பெட்டியில அடுக்கிக்கொண்டு போனா.

ஓலைப்பெட்டியைத் திறந்த உடன பூதம் ஒரு அடி பின்னால போச்சுது. கிணத்துக்குள்ள எங்க போறது? முதுகு சுவரில இடிச்சுது. பிறந்த நாள் தொட்டு நீலத்தில ஒரு தீன் அது கண்டதில்லை.

"கடிக்குமோ?" எண்டு கேட்டுது.

"நீங்கள்தான் கடிக்க வேணும்."

ஒண்டை எடுத்துது. மணந்து பாத்துது. வாயில போட்டுது. பூதம் மெண்டுது, மெண்டுது, மெண்டுகொண்டே இருந்துது.

"கருப்பணி. தேங்காய்ப்பூ. சுண்ணாம்பு. மற்றது... பொறு, பொறு... இதை எனக்குத் தெரியும்..."

பூதம் உருண்டையைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்துது. "சீ, இல்லை. நீலம். நீலத்தில எனக்கு ஒண்டும் தெரியாதே. கருங்காக்கணம்பூ!"

"இல்லை."

"பாசி! குளத்துப் பாசி!"

"இல்லை."

பூதத்துக்குக் கண்ணீர் வரப் பாத்துது. "மயிலோ? மயிலைப் பிடிச்சு அரைச்சுப்போட்டியோ?"

"ஐயோ, இல்லைப் பூதத்தார்."

அவ்வளவுதான். ஊர் கூவிச்சுது, பாரன் ஒரு கூவு! குடங்களைத் தூக்கி எறிஞ்சு பிடிச்சினம். பூதம் தலையைக் குனிஞ்சுகொண்டு கிணத்துக்குள்ளால எழும்பிச்சுது. அது எழும்ப எழும்பத் தண்ணி இறங்கிச்சுது, அவ்வளவு பருமன். கிணத்துக் கட்டில நீர் சொட்டச் சொட்ட வந்து இருந்திட்டுது. "சொன்ன சொல்லு சொன்னதுதான். போறன். ஆனா போறதுக்கு முதல், அந்த மூண்டும் என்னெண்டு மட்டும் சொல்லிவிடு பிள்ளை. இல்லாட்டி எனக்கு நித்திரை வராது."

உடையார் பின்னால நிண்டு கையைக் கையை ஆட்டினார், சொல்லாதை, சொல்லாதை எண்டு. சொன்னால் அதுக்குக் கோபம் வந்து திரும்பவும் தொபுக்கடீரெண்டு விழுந்திடுமெல்லோ. ஆனா அன்னமுத்து பூதத்தின்ர முகத்தைப் பாத்தா. தோத்த முகம் ஆருக்கெண்டாலும் ஒரே முகம்தான். மடியில இருந்து அந்த முளைத் துண்டை எடுத்து நீட்டினா.

"மூண்டும் இதுதான்."

பூதம் மூண்டு விரலை மடக்கி எண்ணிப் பாத்துது.

"மூண்டுமோ?"

"மூண்டும். ராசவள்ளிக் கிழங்கு. ஒண்டுபோல ஒண்டு இருக்கப்படாது எண்டுதானே சொன்னனீங்கள். இருந்ததோ?"

பூதம் கிழங்கை மணந்துது. நுனி நாக்கால தொட்டுது. பேந்து அதின்ர வயிறு மெல்லக் குலுங்கத் துடங்கிச்சுது. கெக்... கெக்கெக்... கெக்கெக்கே! பூவரசம் இலையெல்லாம் உதிர்ந்துது, அப்பிடி ஒரு சிரிப்பு. "என்ர நாக்கு அப்பவே சொன்னது! முதல் நாள் திண்ட சாமான்தான் இதெண்டு சொன்னது! இந்த ரெண்டு முட்டைக் கண்ணும் இல்லையெண்டு சொல்லிப்போட்டுது!"

பூதம் சிரிக்க ஊரும் சிரிச்சுது. உடையாருக்கும் மீசைக்குள்ளால சிரிப்பு வந்துது.

பிறகு பூதம் கேட்டுது, "இந்தக் கிழங்கு இன்னும் இருக்கோ?"

"இவ்வளவுதான் மிச்சம். இதை நட்டால் தைக்கு வரும்."

"நான் குழி வெட்டித் தாறன். தை வரைக்கும் இருக்கவோ? எனக்குப் போக ஒரு இடமும் இல்லை, உடம்பும் எரியுது."

உடையார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமி பொன்னாச்சி முந்திக்கொண்டா. "இருக்கட்டும். ஆனா கிணத்துப் பக்கம் தலை வைச்சும் படுக்கப்படாது, விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு ஆச்சி" எண்டுது பூதம்.

அப்ப பூதம் அன்னமுத்து வீட்டு முருங்கையடிக்குப் போய், குதிக்காலால ஒரு குத்துக் குத்திச்சுது. டொம்! ஆழமா ஒரு குழி. அன்னமுத்து எருவைப் போட்டு, முளை மேல பாக்க வைச்சு, மண்ணை மூடினா. மழை வந்துது, கொடியும் வந்துது. முருங்கை காத்துக்கு முறிஞ்சுபோச்சுது, கொடி படர ஒரு கொம்பு வேணும். சுத்திச் சுத்தித் தேடின கொடி, பக்கத்தில குந்தி இருந்த பூதத்தின்ர தோளில ஏறியிட்டுது! ஏறி, கழுத்தைச் சுத்தி, கையைச் சுத்தி, தலையில குடை மாதிரி விரிஞ்சுது. பச்சை இலை பட்ட இடமெல்லாம் வேர்க்குரு ஆறிச்சுது. பூதம் அசையவே இல்லை. அசைஞ்சால் கொடி அறுந்துபோமெண்டு, மூக்கு அரிச்சாலும் சொறியாது. "மாமி ஆச்சி, மூக்கு" எண்டு கூப்பிடும். மாமி வந்து, பேசிப் பேசி, சொறிஞ்சுவிட்டுட்டுப் போவா.

அதுக்கிடையில சுட்டி கண்டு போட்டுது. நல்ல துடியான நாம்பன், ஆண் கண்டு. வயிறு முட்ட நல்ல தண்ணி குடிச்சுத் தாய்க்குப் பால் பெருகிச்சுது.

தை வந்துது, கொடி காஞ்சுது. ஊரெல்லாம் சேந்து கிண்டிச்சினம். இழு இழு, ஏலேலோ இழு! வந்துதே ஒரு கிழங்கு! உடையாரையும் உடையாரின்ர தலைப்பாவையும் சேத்து நிறுத்தினாலும் அதைவிடப் பெரிசு. அடுத்த நடுகைக்கு வீட்டுக்கொரு முளைத் துண்டு வெட்டிக் குடுத்தா அன்னமுத்து. மிச்சத்தைக் கிணத்தடியில கிடாரம் வைச்சு, அந்தக் கிணத்துத் தண்ணியிலயே காய்ச்சினா.

"பூதத்தார், உங்களுக்கு எந்த நிறத்தில வேணும்? கத்தரிப்பூவோ, ரோசாப்பூவோ, மயில் கழுத்தோ?"

பூதம் கண்ணை இறுக்கி மூடிச்சுது. "ஊத்து பிள்ளை, எந்த நிறமெண்டாலும்."

மடக் மடக் மடக். கிடாரத்தில பாதி போச்சுது. மற்றப் பாதியை ஊர் குடிச்சுது. உடையாருக்குக் கத்தரிப்பூ மீசை, மாமிக்குக் கத்தரிப்பூப் பல்லு, இளையதம்பி மூண்டாம் தரமும் சிரட்டையை நீட்டினார், வழமைபோல ஒண்டும் சொல்லாமல். பூதம் வெறும் நிலத்திலயே சாய்ஞ்சுது. கொர்ர்ர்... கொர்ர்ர்... சுட்டியின்ர நாம்பன் கண்டு துள்ளித் துள்ளி வந்து, அதின்ர வாயோரத்தில ஒட்டியிருந்த கஞ்சியைச் சளக் சளக்கெண்டு நக்கிச்சுது. பூதம் நித்திரையிலயே சிரிச்சுது.

குஞ்சு?

"..."

ம் வரேல்லை. கிடாரமும் வழிச்சாச்சு, கதையும் வழிச்சாச்சு. நித்திரையைக் கொள்ளு என்ர ராசாத்தி.